முன்பாரம்

எங்கள் காரின் சீட்டுகளிலிருந்து பிளாஸ்டிக் உறையை மூன்று வருடமாக யாரும் கழற்றவில்லை. கழற்றினால் புதுசு போய்விடுமாம். அது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். நகரிக்குப் பக்கத்தில், மலையின் மூக்கு தெரிகிற தூரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், ஏழு பேர் உட்காரக்கூடிய பெரிய கார் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வந்தது. வந்ததிலிருந்து அது கல்யாணங்களுக்குப் போனது, வருடத்துக்கு ஒரு முறை திருமலைக்குப் போனது, மற்ற நாளெல்லாம் மேலே கவர் போர்த்திக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. கொட்டகையில் இருந்த நான்கு மாடுகளுக்கு அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை. இத்தனைக்கும் அந்தக் காரை வாங்கிக் கொடுத்ததே அந்த மாடுகள்தான். என் வீட்டுக்காரர் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலைக்கு கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர். அவருக்கு லைசென்ஸ் இருந்தது, தைரியம் இல்லை. அதனால் காரை ஓட்டுவது நான், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது அவர்.

அந்தக் காரின் பின்னால் டிரெயிலர் இழுக்கிற கொக்கி ஒன்று பூட்டவேண்டும் என்று நான் சொன்னபோது, வீட்டில் மூன்று நாள் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் ஆசைக்குச் சொல்லவில்லை, ஆத்திரத்தில் சொன்னேன். அதற்கு முந்தைய வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எங்கள் பெரிய மாடு வயிறு உப்பிப் போய் நின்றது. வந்து பார்த்த கால்நடை டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு, இங்கே வைத்துக்கொண்டிருக்காதே, திருப்பதிக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டார். மாட்டு ஆம்புலன்ஸ் அன்றைக்கு வேறொரு மண்டலில் வேறொரு மாட்டோடு இருந்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். குறை சொல்வதெல்லாம் பக்கத்து ஊர் டெம்போக்காரரைத்தான்.

"வெள்ளிக்கிழம நோவு மாட்ட ஏத்தினா வண்டிக்கு ஆவாதும்மா. நடு ரோட்ல உயிர் போச்சுன்னா அப்பறம் எவன் என்ன கூப்புடுவான்? விடியட்டும், வந்துடறேன்" என்றார். சொன்னபடி விடிந்ததும் வந்தார். வண்டியைக் கழுவி, முன்கண்ணாடிக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு வந்தார். ஏற்றுவதற்குத்தான் எங்களிடம் மாடு இல்லை. அவருடைய டெம்போ நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே எங்கள் கார் கவர் போர்த்திக்கொண்டு நின்றது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்றுவரை தணியவில்லை. பெரிய மாட்டின் கன்றான செவலை அப்போது கிடேரி. கொட்டகைக்குள் நின்று கத்திக்கொண்டே இருந்தது.

"கார்ல மாட்ட கட்டி இழுப்பியா? ஊரே சிரிக்கும்மே" என்றார் என் வீட்டுக்காரர்.

"சிரிக்கட்டும். போன வருசம் நாம அழுதப்ப இந்த ஊரு இன்னா பண்ணுச்சு?"

"டிராக்டர் கீது இல்ல? அத்த கூப்ட்டுக்கோ."

"டிராக்டர்ல திருப்பதி போய்ச் சேர்றதுக்குள்ள செவல கன்னு போட்டு, அந்தக் கன்னும் ஒரு கன்னு போட்டுடும்."

அதோடு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். வண்டியின் ஆர்.சி. என் பேரில் இருந்தது. அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன்.

முதலில் போனது திருப்பதியில் ஒரு கார் அலங்காரக் கடைக்கு. கொக்கி என்று கேட்டதும் கடைக்காரர் கண்ணாடிபோல் பளபளக்கிற ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பம்பருக்குக் கீழே மாட்டினால் பார்க்கவே அம்சமாக இருக்கும் என்றார். எவ்வளவு எடை இழுக்கும் என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. இத்தனை வருடத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போல.

"இதுக்கு எடையெல்லாம் லேது மேடம். பின்னாடி பைக்குக்காரன் வந்து முட்டினா பம்பருக்கு அடி படாது. லுக்கு பாகுண்டுந்தி, பாக்க நல்லா இருக்கும், அவ்ளோதான்."

அதைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டே இரண்டு சின்ன போல்ட், அதுவும் பம்பரின் தகட்டில் போய்ப் பிடிப்பது. என் பால் கேனைக்கூட அதில் மாட்ட மாட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்தது நகரியில் ஒரு வெல்டர். கரும்பு டிராக்டர்களுக்கு டிரெயிலர் கட்டுகிறவர், கைதேர்ந்தவர்தான். வளையமும் முளையும் காட்டினார். டிரெயிலரின் வளையத்துக்குள் முளையைச் செருகினால் முடிந்தது. "காரை வுட்டுட்டுப் போங்கக்கா, சாயங்காலத்துக்குள்ள வெல்டு அடிச்சுக் குடுத்துடறேன். யானைய கட்டினாலும் இழுக்கும்" என்றார். அவர் பேச்சில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முளைக்கும் வளையத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் டமால் டமால் என்று இடிக்கும். கரும்பு ஏற்றினால் அது பரவாயில்லை. வலியெடுத்து நிற்கிற மாட்டை ஏற்றினால்? அங்கேயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெல்டர் என்னைத் திமிர் பிடித்தவள் என்று பவர்லூம் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும்.

மூன்றாவதாகச் சித்தூருக்குப் போனேன். பலமனேர் ரோட்டில், லாரிகளுக்கு சேசிஸ் வேலை பார்க்கிற ஒரு பட்டறை. அங்கே இருந்த மெக்கானிக்குக்கு என் வயதுதான் இருக்கும். தரையில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நான் கொக்கி என்று ஆரம்பித்ததும் கையைக் கழுவிவிட்டு வந்தார். அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "இன்னா இழுக்கப் போறீங்க?" அதுவரை எல்லோரும் எதற்கு என்று கேட்டார்கள். எதை என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"மாடு" என்றேன்.

"எத்தினி?"

"ஒண்ணு."

"நின்னுக்கினு வருமா, படுத்துக்குமா?"

"நல்லா இருந்தா நிக்கும். நோவு வந்தா படுக்கும்."

அவர் சிரிக்கவில்லை. காருக்கு அடியில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு டார்ச் அடித்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். முன்னிலிருந்து பின்வரை இரண்டு நீள இரும்புச் சட்டங்கள் ஓடின. இழுக்கிற வேலையெல்லாம் அந்தச் சட்டங்கள்தான் செய்யவேண்டும், பம்பரில் கைவைக்கவே கூடாது என்றார். இரண்டு சட்டத்தையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கனத்த இரும்பு, அதன் நடுவில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை, கையின் முனையில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு இரும்புக் குண்டு. டிரெயிலரின் மூக்கில் இருக்கிற கிண்ணம் அந்தக் குண்டின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்காமல் வழுக்கித் திரும்பும். அந்தக் குண்டைக் கையில் வைத்துப் பார்த்தபோதே இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வெல்டு அடிப்பீங்களா?"

"சேசிஸ்ல சூடு காட்டினா இரும்பு பலம் போயிடும். போல்டுதான். ஒவ்வொண்ணும் கைவெரல் தடிமன்."

பூட்டுகிற நாளில் என் வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டு வந்தார். எனக்குத் துணையாக இல்லை, காருக்குத் துணையாக. அடியில் தொங்கிய ஸ்டெப்னி டயரை இறக்கினார்கள். மெக்கானிக் படுத்துக்கொண்டு கீழிருந்து போல்டை ஏற்ற, நான் பக்கவாட்டில் கைவிட்டு மேலே நட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டேன். பம்பரின் கீழ் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டவேண்டும் என்று அவர் சொன்னதும், என் வீட்டுக்காரர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது வெட்டி முடித்திருந்தோம். வெட்டிய துண்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டிரெயிலரையும் அந்தப் பட்டறையிலேயே கட்டினார்கள். ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், தாழ்ந்த தளம், தளத்தில் ரப்பர் பாய். பின்கதவை அப்படியே சாய்த்தால் ஏறுகிற பலகையாகிவிடும். முன்பக்கம் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு. மாடு உள்ளே நின்ற இடத்திலேயே திரும்புகிற அளவுக்கு அகலம். பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் காரோடு சேர்ந்து எரிய ஒயர் இழுத்தார்கள். அதற்குத் தனியாக நம்பர் வாங்க இரண்டு தடவை சித்தூருக்கு அலைந்தேன். எல்லாம் முடிந்து எடுத்துக்கொண்டு கிளம்பும் நாளில், மெக்கானிக் புண்ணாக்கு மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கிக் காட்டினார்.

"கட்ட வண்டி இருந்த வூடுதான? முன்பாரம், பின்பாரம் தெரியுமில்ல? அதே கணக்குதான். இந்தக் குண்டு மேல எப்பவும் கொஞ்சம் பாரம் உக்காந்திருக்கணும். பாரம் பின்னாடி போச்சுன்னா டிரெயிலர் வாலாட்டும். வாலாட்டினா பிரேக்ல கால வெக்காதீங்க. ஆக்சிலேட்டர வுட்டுட்டு ஸ்டீரிங்க நேரா புடிங்க. அதுவா அடங்கிடும்."

மூட்டைகளை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி அடுக்கிக்கொண்டு, சித்தூரிலிருந்து ஊர்வரை ஓட்டிவந்தேன். ஒரு சின்ன ஆட்டம் இல்லை. ஊருக்குள் நுழைந்தபோதுதான் சிரிப்பு. கார் பின்னாடி குண்டு தொங்குது, திருஷ்டிக்கா என்று ஒருவர் கேட்டார். இனிமேல் முகூர்த்தத்துக்கு மாட்டையும் கூட்டிக்கொண்டு வருவாளா என்று இன்னொருத்தி கேட்டாள். மறுநாள் பார்த்தால், என் வீட்டுக்காரர் ஒரு மஞ்சள் டென்னிஸ் பந்தை வாங்கிவந்து, ஒரு பக்கம் கிழித்து, குண்டின் மேல் குல்லாய் மாதிரி கவிழ்த்திருந்தார். ஊர் கண்ணில் படக்கூடாதாம். இரும்புக் குண்டைவிட அந்த மஞ்சள் பந்துதான் தெருக்கோடிவரை தெரிந்தது.

என் நாத்தனாரைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். என் வீட்டுக்காரரின் தங்கை. பலமனேர் பக்கத்தில் காய்கறி விவசாயம் செய்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணம் முடிந்து கிளம்பிய அன்று, மாப்பிள்ளை வீட்டுக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தவள், வளைவு வரும்வரை உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாக வீட்டையே பார்த்துக்கொண்டு போனாள். பெண் அப்படித் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ஐந்தாம் மாதம், கையில் ஒரு துணிப்பையோடு தனியாக நடந்து வந்து வாசலில் நின்றாள். அவள் முதுகில் என்ன இருந்தது என்று நான் பார்த்தேன். தெரு பார்க்கவில்லை. "அன்னிக்கே திரும்பிப் பாத்தா, அதான் திரும்பி வந்துட்டா" என்று பேசி முடித்துவிட்டது. பதினொரு வருடம் ஆயிற்று. கொடுமை என்னவென்றால், தெருவைவிட அதிகமாக அவளே அதை நம்பினாள். தெருவில் தலை நிமிர்ந்து நடக்கமாட்டாள், குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் பேச்செல்லாம் கொட்டகையில் மாடுகளோடுதான். செவலையைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது அவள்.

மாட்டுக்கு எங்கள் பக்கத்தில் வேறு வழக்கம். விற்ற மாடு ரோட்டைப் பார்த்தபடி வண்டியில் போகவேண்டும். வைத்தியத்துக்கோ சினை ஊசிக்கோ போய்த் திரும்பி வரவேண்டிய மாடு வீட்டைப் பார்த்தபடி போகவேண்டும். அதாவது பின்னால் முகம் வைத்து நிற்கவேண்டும். அப்போதுதான் வழி மறக்காதாம். பெண் திரும்பி வரக்கூடாது, மாடு திரும்பி வரவேண்டும். எங்கள் ஊரின் கணக்கு இப்படி. எனக்கு இந்தக் கணக்கைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பாருங்கள், எத்தனையோ மாடுகளை நானே டெம்போவில் அப்படித்தான் திருப்பிக் கட்டியிருக்கிறேன். கைக்குப் பழகிப்போனதைத் தலை கேட்பதில்லை.

மாங்காய் அறுப்பு முடிகிற சமயத்தில் செவலைக்கு முதல் ஈற்று. விடியற்காலையில் வலி எடுத்தது. வெயில் ஏறியும் பனிக்குடம்கூட எட்டிப் பார்க்கவில்லை. டாக்டரம்மா வந்து கையுறை போட்டுப் பார்த்தார். கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றார். மாட்டைப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் பலகை வைத்து, ஆறு பேர் சேர்ந்து இரண்டு முறை புரட்டினோம். முறுக்கு அவிழவில்லை.

"லேட் சேயவத்தம்மா. உடனே திருப்பதி கொண்டு போங்க. ஆப்பரேசன்தான். கன்னு உயிரோட கீதான்னு நான் சொல்ல முடியாது. மாட்ட காப்பாத்தலாம், நேரத்துக்குப் போனா."

என் வீட்டுக்காரர் ஷிஃப்டில் இருந்தார். யாரிடமும் நான் கேட்கவில்லை. கவரை இழுத்துப் போட்டேன், மஞ்சள் பந்தைப் பிடுங்கி எறிந்தேன், காரைப் பின்னால் எடுத்துக் கிண்ணத்தைக் குண்டின் மேல் இறக்கிப் பூட்டினேன், பாதுகாப்புச் சங்கிலியை மாட்டினேன், ஒயரைச் செருகினேன். கார் பின்னாடி குண்டு என்று சிரித்தவர்களே வந்து செவலையைத் தள்ளி ஏற்றினார்கள். ஏற்றி, உள்ளேயே திருப்பி, முகத்தை வீட்டுப் பக்கமாக வைத்துப் பின்கதவின் கம்பியோடு கட்டினார்கள். நாத்தனார் கயிற்றை இரண்டு தடவை இழுத்து சரிபார்த்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வண்டி கிளம்பியபோது செவலை வீட்டைப் பார்த்து ஒருமுறை கத்தியது. நாத்தனார் முன்சீட்டில், பிளாஸ்டிக் உறைமேல், சாணிக் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

புத்தூர்வரை மெதுவாகத்தான் போனேன். ஊர் தாண்டி ரோடு அகலமானதும் கொஞ்சம் வேகம் கூட்டினேன். ஒரு பஸ் எங்களை உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு போனது. அந்தக் காற்று பட்டதும் ஆரம்பித்தது. முந்தானையை யாரோ பின்னாலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்து இழுப்பது மாதிரி ஸ்டீரிங் ஆடியது. கண்ணாடியில் டிரெயிலர் இடப்பக்கம் தெரிந்தது, உடனே வலப்பக்கம் தெரிந்தது. கால் தானாக பிரேக்குக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தேன். ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன்.

முதலில் கொக்கியைத்தான் பார்த்தேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. போல்ட் ஒன்றும் அசையவில்லை. ஊர் சொன்னதுதான் சரியோ, என் பிடிவாதத்தால் ஒரு மாட்டையும் ஒரு பெண்ணையும் சாகடிக்கப் பார்த்தேனோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு டிரெயிலரின் மூக்கில் கைவைத்து மேலே தூக்கிப் பார்த்தேன். அது குண்டை விட்டுக் கிளம்பிவிடுவேன் என்பதுபோல் லேசாக இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். செவலை பின்கதவில் நெஞ்சை அழுத்திக்கொண்டு நின்றது. மாட்டின் கனமெல்லாம் தலையும் கழுத்தும் நெஞ்சும்தானே. அத்தனையையும் நாங்களே கொண்டுபோய் அச்சுக்குப் பின்னால் கட்டியிருக்கிறோம். டெம்போவில் எந்தப் பக்கம் கட்டினாலும் ஒன்றுதான். இரண்டு சக்கர டிரெயிலரில் அது பின்பாரம். மூட்டைக்கு முகம் கிடையாது, அதனால் மூட்டை ஏற்றியபோது இது எனக்குத் தெரியாமல் போனது. என் மேலேயே எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

நான் கயிற்றில் கைவைத்ததும் நாத்தனார் ஓடிவந்தாள்.

"அண்ணி, இன்னா பண்றீங்க?"

"திருப்பிக் கட்டப்போறேன். மூஞ்சி முன்னாடி இருக்கணும்."

"வேணாம் அண்ணி." கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ரோட்டைப் பாத்துக்கினு போனா இது வூட்டுக்கு வராது. இதோட அம்மா மாதிரி ஆயிடும்."

"இதோட அம்மா எங்கயும் போவவே இல்லமே. வூட்லயே நின்னு, வூட்டைப் பாத்துக்கினேதான் செத்துச்சு."

அவள் கயிற்றை விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "நான் பாத்துக்கினு போனேன். அதான வந்தேன்."

பதினொரு வருடத்தில் அவள் வாயிலிருந்து அது வந்தது அன்றைக்குத்தான். அணைத்துக்கொள்ளவேண்டிய நேரம். எனக்கு வந்தது ஆத்திரம்தான்.

"நீ பாத்ததால வரல. அந்த வூட்ல இருக்க முடியல, வந்த. உன் கால்ல நடந்து வந்த. யாரும் உன்ன இஸ்துக்கினு வரல. பாத்தவங்கல்லாம் திரும்பி வந்துட்டாங்களா இன்னா? இந்த வூட்டுக்கு வரச்சொல்லோ நானும் அழுதுக்கினே எங்க நைனா வூட்டைப் பாத்துக்கினுதான் வந்தேன். இருவத்தாறு வருசம் ஆச்சு. போயிட்டனா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு லாரி கடந்து போனது. காற்றில் டிரெயிலர் குலுங்க, செவலை அடிவயிற்றிலிருந்து முனகியது. அதன் பின்னங்கால் மடங்கி, மறுபடியும் நிமிர்ந்தது. நாத்தனார் அதைப் பார்த்தாள். பிறகு என் கையை விலக்கிவிட்டு, முன்பக்கத்துச் சின்னக் கதவு வழியாக உள்ளே போனாள். கட்டை அவளே அவிழ்த்தாள். செவலையின் கழுத்தில் தோளைக் கொடுத்து, "வாம்மா, இப்டி வா, அவ்ளோதான், அவ்ளோதான்" என்று அடியடியாகத் திருப்பினாள். நான்கு பேர் சேர்ந்து திருப்பியதை அவள் ஒருத்தியே செய்தாள். முன்கம்பியோடு முகத்தை வைத்துக் கட்டிவிட்டு, அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

நான் மறுபடியும் டிரெயிலரின் மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். அசைக்க முடியவில்லை. குண்டின் மேல் பாரம் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ பஸ் முந்தியது, லாரி முந்தியது. டிரெயிலர் ஆடவில்லை. டோல்கேட்டில் இருந்தவர், மாட்டையும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கட்டையைத் தூக்கினார். திருமலை கண்ணில் பட்டதும் நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்கவைத்து வயிற்றைத் திறந்தார்கள். கன்று செத்துப் போயிருந்தது. கிடேரிக் கன்று, தாயைப்போலவே செவலை. நாத்தனார் சத்தமில்லாமல் அழுதாள், நானும் அழுதேன். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் மாடும் இல்லை என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். நான் அதைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். பெரிய மாட்டின் வெள்ளிக்கிழமைக் கணக்கை அந்த ஒரு வாக்கியத்தில்தான் தீர்த்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் கூட்டிவரப் போனபோது என் வீட்டுக்காரரும் வந்தார். சீட்டின் பிளாஸ்டிக் உறையெல்லாம் சாணியும் ரத்தமுமாக இருந்ததால் அன்றே கழற்றி எறிந்துவிட்டிருந்தேன். அவர் வெறும் சீட்டைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் செவலையை ஏற்றியதும், கிண்ணம் குண்டின் மேல் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பாரம் சரியாக இருக்கிறது என்று எனக்கே சொன்னார். செவலை தையல் போட்ட வயிற்றோடு, முன்னால் முகம் வைத்துப் பொறுமையாக நின்றது.

ஊருக்குள் நுழைந்தபோது தெருவே வாசலில் நின்றது. அன்றைக்கு ஏற்றிவிட்ட கைகள் எல்லாம் இருந்தன. எதிர்வீட்டுப் பெண் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "வூட்டைப் பாத்துக்கினு போச்சு இல்ல, அதான் வந்துடுச்சு. நாங்கதான வூட்டைப் பாத்துக் கட்டுனோம்." சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. என் அலைச்சல், என் கொக்கி, அந்த டாக்டர், எல்லாவற்றையும் ஒரே வரியில் துடைத்துவிட்டாள். இன்றைக்கு இவளை விடுவதில்லை என்று கதவைத் திறந்து இறங்கினேன்.

அதற்குள் நாத்தனார் பின்கதவைச் சாய்த்துவிட்டு, தெருவுக்கு முகம் கொடுத்து நின்றாள். தலை நிமிர்ந்திருந்தது. குரல் தெருக்கோடிவரை கேட்டது.

"இல்ல. புத்தூர் தாண்டி ரோட்டைப் பாத்துக்கினுதான் போச்சு. நான்தான் திருப்புனேன்."

நாத்தனார் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெரு நடுவிலேயே நடந்து, கொட்டகைக்குப் போனாள்.